கண்டறிந்த மருத்துவரும் காணாமற்போன நோயாளியும்

நோயுற்றவர் மருத்துவரிடம் தம் உடலை மட்டும் ஒப்படைப்பதில்லை. தம் மானத்தையும் சேர்த்தே ஒப்படைக்கின்றார். உடன்பிறந்தாரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் வாய்திறந்து சொல்லாத செய்திகளை, அரைமணி நேரத்துக்கு முன்புவரை முகம் அறியாத ஒருவரிடம் சொல்லிவிடுகின்றார். அவர் சொல்லாமல் விட்டவற்றையும் மருத்துவர் அவருடைய நகக்கண்ணிலும் நாவிலும் நடையிலும் படித்துக்கொள்கின்றார். இவ்வாறு கிட்டும் அறிவு யாருக்கு உரியது? கொடுத்தவருக்கா, பெற்றவருக்கா? கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கிவரும் பழைய உறுதிமொழி, தொழிலில் கண்டதும் கேட்டதுமான மறைபொருளை வெளியில் பரப்பமாட்டேன் என்று மருத்துவரைச் சொல்லச் செய்கின்றது. ஆனால் அதே மருத்துவர் இரவில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு மர்மக்கதை எழுத அமர்ந்துவிட்டால் என்ன செய்வது? பகலில் கண்டதை இரவில் மறக்க எவராலும் இயலாது. ஒருவர் துன்பத்திலிருந்து பெற்ற அறிவை மற்றொருவர் பொழுதுபோக்குக்காகச் செலவிடுதல் அறமாகுமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிலும் பலர், ஜி.டி. எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகள் கழிக்க நேரும்போது அத்தகைய நூல் ஒன்றிற்குச் செய்தித்தாள் அட்டை போட்டுப் படிப்பவர்களே. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நம் பாட்டனார் காலத்திலேயே இவ்வகைப் புதினங்களைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டு வந்து சேர்த்துவிட்டனர். ஆகவே இதனைச் சிறு பொருள் என்று ஒதுக்க வேண்டுவதில்லை. நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டும் உலகறிந்ததே: ஷெர்லக் ஹோம்சைப் படைத்த ஆர்தர் கோனான் டாயில். துப்பறிவாளனை அறிந்த அளவுக்கு, அவனைப் படைத்தவர் முறையாகப் பயின்ற மருத்துவர் என்பதைப் பலரும் அறியார்.

1859இல் எடின்பரோ நகரில் பிறந்த டாயில், அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே 1876 முதல் 1881 வரை மருத்துவம் பயின்றார், 1885இல் எம்.டி. பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோது, ஜோசப் பெல் என்னும் அறுவை மருத்துவ ஆசிரியர் அவரைத் தம் புறநோயாளர் பிரிவுக்கு எழுத்தராக அமர்த்திக்கொண்டார். நோயாளிகளை வரிசைப்படுத்துவதும், அவர்களைப் பற்றிச் சுருக்கமான குறிப்பு எழுதுவதும், ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவதும் அவர் வேலை. ஆம், உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் முதலில் பார்த்தது குமாஸ்தா உத்தியோகமே என்பதில் நம் போன்றோருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

பெல் ஒரு விந்தை மனிதர். நோயாளி உள்ளே நுழைந்ததும், அவர் வாய் திறக்குமுன்பே அவர் தொழில், ஊர், பழக்கம் ஆகியவற்றைச் சொல்லிவிடுவார். பிற்காலத்தில் டாயில் தம் தன்வரலாற்றில் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு மனிதர் உள்ளே வந்தார். நீர் படையில் பணிபுரிந்தவர். விடுபட்டு நெடுநாள் ஆகவில்லை. ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவில் சிறிய அதிகாரியாக இருந்தீர். பார்படோஸ் தீவில் தங்கியிருந்தீர் என்று பெல் அடுக்கினார். அனைத்துக்கும் ஆம் என்பதே விடை. பிறகு ஆசிரியர் மாணவர் பக்கம் திரும்பி விளக்கினார். மரியாதை தெரிந்தவர்தாம், ஆயினும் தொப்பியைக் கழற்றவில்லை, படையில் அவ்வழக்கம் இல்லை, வெளியே வந்து நெடுங்காலம் ஆகியிருந்தால் ஊர்வழக்கம் படிந்திருக்கும். அதிகாரம் செய்து பழகிய தோற்றமும் ஸ்காட்லாந்துச் சாயலும் உண்டு. பார்படோஸ் எப்படித் தெரிந்தது என்றால், அவருக்கு வந்திருப்பது யானைக்கால் நோய். அது மேற்கிந்தியத் தீவுகளில் வருவது, பிரித்தானிய மண்ணில் வருவதன்று.

படித்தவுடன் வியப்பு மேலிடுகின்றது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒரு குறை நெஞ்சில் தைக்கின்றது. அந்த மனிதருக்குப் பிறகு என்ன ஆயிற்று? யானைக்கால் என்றால் என்ன என்பதைக் காவிரிக் கரையிலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல், நாளுக்கு நாள் கனக்கும் கால், செருப்பு நுழையாத பாதம், திருமண வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடும் கூச்சம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். அந்நோயோடு ஒருவர் மருத்துவமனைக்கு நடந்து வந்தார். அவர் தொப்பி நமக்குத் தெரியும், படைப்பிரிவு தெரியும், தீவு தெரியும். அவர் பெயர் தெரியாது. என்ன மருந்து கொடுத்தனர் என்று தெரியாது. அவர் நம்பிக்கையோடு திரும்பினாரா, வெறுங்கையோடு திரும்பினாரா என்பதும் தெரியாது. புதிர் விடுபட்டதும் கதை முடிந்துவிட்டது. நோயாளி கதையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

இதனால் பெல்லைக் கல் நெஞ்சர் என்று கருதிவிடலாகாது. 1887இல் செவிலியருக்கென்றே அறுவை மருத்துவக் குறிப்பு நூல் ஒன்றை எழுதி வெளியிட்டவர் அவர். செவிலியர் பயிற்சி சிறக்கவேண்டும் என்பதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: அதே 1887இல்தான் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றும் புதினமும் வெளிவந்தது. ஆசிரியர் பேணும் கைகளுக்காக எழுதினார். மாணவர் காணும் கண்ணைப் பற்றி எழுதினார். உலகம் எதனை வாங்கிப் படித்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே மருத்துவம் என்றார். அந்நான்கில் மருத்துவன் ஒருவனை மட்டும் பிரித்தெடுத்து, அவனிலும் கண்ணை மட்டும் பிரித்தெடுத்தால் ஹோம்ஸ் கிடைப்பான்.

பெரிய மருத்துவமனைகளுக்குச் சென்றவர்கள் இக்காட்சியை அறிவர். கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர்கள்; நடுவில் பேராசிரியர்; போர்வை விலக்கப்பட்ட உடல். அவ்வுடலுக்குரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கற்பித்தல் இன்றியமையாததே. ஆயினும் பாடம் முடிந்த பிறகு அந்தப் போர்வையை யார் இழுத்துவிடுகிறார் என்பதில் ஒரு மருத்துவமனையின் தரம் முழுதும் தெரிந்துவிடும் என்பது நம் எண்ணம். கோப்புகளோடு காலந்தள்ளும் நம் தொழிலிலும் இதே இடர் உண்டு. ஓய்வூதியம் கோரும் கைம்பெண் ஒருவரின் விண்ணப்பம் வருகின்றது. இரண்டு சான்றிதழ்களில் பிறந்த தேதி மாறியிருப்பதை ஒரு கூரிய எழுத்தர் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதுகின்றார், மேலதிகாரி பாராட்டுகின்றார். கண்டுபிடித்தது உண்மை, பாராட்டும் தகும். ஆனால் அந்தத் தேதியைத் திருத்தும் வழியை அவ்வம்மைக்கு எடுத்துச் சொல்வதும் அதே குறிப்பின் கடமையன்றோ? கோப்பில் முரண்பாடு தெரிந்த அளவுக்கு அடுப்பு எரியாத வீடு தெரிவதில்லை.

டாயிலிடம் திரும்புவோம். 1882இல் சவுத்சீ என்னும் கடற்கரையூரில் அவர் தனியாகத் தொழில் தொடங்கினார். வருவாய் மிகவும் குறைவு. 1885இல் மூளையுறை அழற்சியால் துன்புற்ற இளைஞர் ஒருவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார். இளைஞர் சில நாளிலேயே இறந்தார். அவ்விளைஞரின் தமக்கையான லூயிசாவையே அதே ஆண்டில் டாயில் மணந்தார். நோயாளிகள் வராத நேரங்களில் எழுதிய முதல் ஹோம்ஸ் புதினத்தின் உரிமை முழுவதையும் இருபத்தைந்து பவுனுக்கு விற்றார். 1891இல் கண்மருத்துவராக இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார்; அங்கே ஒரு நோயாளிகூடப் படியேறவில்லை என்று அவரே எழுதியுள்ளார். அந்த ஆண்டிலேயே மருத்துவத் தொழிலை விட்டு எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நோயாளியின் மறைபொருளை விற்றார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது நிற்காது. ஹோம்ஸ் கதைகளில் அவர் கடன் வாங்கியது ஆசிரியரின் முறையையே அன்றி எந்த நோயாளியின் வரலாற்றையும் அன்று. 1894இல் மருத்துவர் வாழ்க்கையைப் பற்றிய கதைகளைத் தனி நூலாகத் தொகுத்தார். பாட்டன் செய்த பிழை பேரனின் உடலில் நோயாக வந்து நிற்பதைச் சொல்லும் கதை ஒன்று அதில் உண்டு. அங்கே நோயாளி காணாமற்போவதில்லை; கடைசி வரி வரை அவன் முகம் நம் முன் நிற்கின்றது. ஆக, எழுதுவதால் மட்டும் பாவம் வந்துவிடாது. மனிதனைப் புதிராகவே பார்த்துப் பழகிய கண், புதிர் விடுபட்டபின் அவனைத் திரும்பிப் பார்க்கின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

டாயில் தம் துப்பறியும் கதைகளைப் பெரிதாக மதிக்கவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1889இலும் 1891இலும் வெளிவந்த 'மைக்கா கிளார்க்', 'தி ஒயிட் கம்பெனி' என்னும் வரலாற்றுப் புதினங்களே தம் பெயரை நிலைநிறுத்தும் என்று நம்பினார். பழைய வில்லாளரையும் வீரரையும் பற்றி எழுத நேரம் வேண்டுமென்றே 1893 டிசம்பரில் வெளிவந்த கதையில் ஹோம்சை அருவியில் விழச்செய்து ஒழித்துக்கட்டினார். வாசகர் விடவில்லை, பின்னர் உயிர்ப்பிக்க நேர்ந்தது. நாம் அறிந்தவரை அவ்வரலாற்றுப் புதினங்களை இன்று தேடிப் படிப்போர் சிலரே. தம் படைப்புகளில் எது நிற்கும் என்று முன்னறியும் நாடி மட்டும் மருத்துவருக்கும் பிடிபடுவதில்லை போலும்.

அந்த 1893இலேயே அவர் வீட்டில் வேறொன்று நிகழ்ந்தது. மூன்றாண்டுகளுக்கு முன், காசநோய்க்கு மருந்து கண்டதாகக் கோக் என்னும் பேரறிஞர் அறிவித்தபோது, டாயில் பெர்லினுக்கு ஓடிச்சென்று நோயாளிகளை நேரில் கண்டு, அவசரப்பட்டு நம்பவேண்டா என்று எழுதியவர். அதே காசநோய் இப்போது அவர் மனைவியைப் பற்றியிருந்தது. சட்டைக்கையின் மடிப்பைப் பார்த்து அந்நியரின் வரலாறு கூறும் பாத்திரத்தைப் படைத்தவருக்கு, அண்டையிலிருந்த மருத்துவரை அழைத்துக் காட்டிய பிறகே மனைவியின் நிலை தெரிந்தது. சில மாதங்களே என்றனர். டாயில் அவரைச் சுவிட்சர்லாந்தின் மலைக்காற்றுக்கு அழைத்துச் சென்றார்; பின்னர் நல்ல காற்று வீசும் மேட்டில் வீடு கட்டிக் குடிவைத்தார். அவ்வம்மையார் 1906 ஜூலை வரை வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் டாயிலின் உள்ளம் வேறொரு பெண்பால் சென்றதும் வரலாற்றில் மறைவன்று. அதற்காக அவரைப் போற்ற வேண்டா, தூற்றவும் வேண்டா. நாம் கருதுவது ஒன்றே. நோயைக் கண்டறியும் வேலை ஒரு நாளில் முடிந்தது. பேணும் வேலை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. அதனைப் பற்றிக் கதை எழுத எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

மனைவியை இழந்து எழுத்திலும் மனம் செல்லாமல் இருந்த அந்த ஆண்டின் இறுதியில்தான் ஜார்ஜ் எடல்ஜியின் வழக்கு அவர் கைக்கு வந்தது. இவ்வழக்கு, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் போன்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. ஜார்ஜின் தந்தை ஷாபூர்ஜி எடல்ஜி பம்பாயில் பிறந்த பார்சி. கிறித்துவராகி, இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயரிலுள்ள கிரேட் வைர்லி என்னும் ஊரில் சமயகுருவாக இருந்தார். தாயார் ஆங்கிலேயர். மகன் சட்டம் பயின்று பர்மிங்காமில் தொழில் செய்தார். இரயில் பயணிகளுக்கான சட்டங்களைப் பற்றிச் சிறு நூலொன்றும் எழுதியிருந்தார். அடக்கமான இளைஞர். ஆனால் ஊரில் அவர்கள் குடும்பம் ஒன்றே அந்த நிறம், அந்தப் பெயர். பல ஆண்டுகளாகவே அவ்வீட்டுக்குப் பெயரில்லாக் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. புதிய ஊரில் வீடு பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, அண்டை வீட்டார் முகத்தை முதல் ஒரு மாதம் ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அக்குடும்பத்தின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1903இல் அவ்வூர்ப் பகுதியில் இரவு நேரங்களில் குதிரைகளும் மாடுகளும் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. காவல்துறையினர் ஜார்ஜைப் பிடித்தனர். அவர் தம் அறையில்தான் படுத்திருந்தார், கதவு பூட்டியிருந்தது என்று தந்தை சான்று கூறினார், ஏற்கப்படவில்லை. அவரைக் குற்றஞ்சாட்டும் பெயரில்லாக் கடிதங்களையும் அவரே எழுதினார் என்று கையெழுத்து நிபுணர் ஒருவர் சொன்னது ஏற்கப்பட்டது. ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தனர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். மூன்றாண்டுகள் கழித்து 1906 அக்டோபரில், காரணம் எதுவும் சொல்லாமல், மன்னிப்பும் வழங்காமல் அவரை வெளியே விட்டனர். வழக்கறிஞர் தொழிலுக்கு அவர் திரும்ப வழியில்லை.

1907 ஜனவரியில் இலண்டன் விடுதி ஒன்றில் டாயில் அவரைச் சந்திக்கச் சென்றார். சற்றுத் தாமதமாகவே போனார். கூடத்தில் அமர்ந்து எடல்ஜி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளை முகத்தோடு ஒட்டிவைத்து, சற்றே பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தார். வாயிலில் நின்று நோக்கிய டாயிலுக்குள் உறங்கிக்கிடந்த கண்மருத்துவர் விழித்துக்கொண்டார். கடுமையான கிட்டப்பார்வை, அதனோடு சிதறற்பார்வையும் உண்டு. கண் வல்லுநரைக் கொண்டு அளந்தபோது குறை எட்டு டயாப்டருக்கும் மேலிருந்தது. இத்தகைய கண்ணுடையவர் மழைபெய்யும் காரிருளில் இரயில் பாதையைக் கடந்து, வேலி தாண்டி, வயலில் நிற்கும் குதிரையை அணுகி, காவலர் கண்ணிற்படாமல் வீடு திரும்பினார் என்பதை எவர் நம்புவர்? நீதிமன்றத்தில் இதனை எவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அவர் நிறத்தைப் பார்த்தனர். துருத்திய விழிகளைப் பார்த்துச் சூது என்று எண்ணிக்கொண்டனர். அவ்விழிகளால் பார்க்க முடிகின்றதா என்று ஒரு மருத்துவரே கேட்கவேண்டியிருந்தது.

டாயில் வழக்கை முழுதும் ஆராய்ந்து, அம்மாதமே டெய்லி டெலிகிராஃப் இதழில் விரிவாக எழுதினார். யாரும் எடுத்து மறுபதிப்புச் செய்துகொள்ளலாம், உரிமை இல்லை என்று தலைப்பிலேயே அறிவிக்கச் செய்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பணம் பெற்றுவந்த எழுத்தாளர் அவர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பெல்லின் அறையில் பெற்ற பார்வை அன்றுதான் நோயாளியிடமே திரும்பிச் சென்று சேர்ந்தது எனலாம். குற்றமுறையீட்டு நீதிமன்றம் ஒன்றை அமைக்கும் சட்டம் அதே 1907இல் இங்கிலாந்தில் நிறைவேறியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாக அமைந்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் உண்மை அவ்வளவு அழகாக இல்லை. எடல்ஜியை விடுவிக்க முனைந்த டாயில், அப்படியானால் குற்றவாளி யார் என்று தேடத் தொடங்கி, அவ்வூரைச் சேர்ந்த வேறொருவரைக் குறிப்பிட்டு அரசுக்கு எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகள் வலுவற்றவை, அரசும் ஏற்கவில்லை. ஹோம்சின் கதையில் அவை போதுமானவையாக இருந்திருக்கும். எடல்ஜியின் முன் அவர் மருத்துவராக நின்றார். எதிரில் ஓர் உடல் இருந்தது. இந்த மற்றவர் விஷயத்தில் அவர் கதாசிரியராகிவிட்டார். எதிரில் முடிக்கவேண்டிய புதிர் மட்டுமே இருந்தது.

சிலம்பில் இதற்கொரு முன்னுரை உண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று தயங்கினர். கண்டு சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். பொற்கொல்லனோ நகைத்து, கள்வர் கையாளும் எட்டு வழிகளை நூலறிவோடு எடுத்துரைத்தான். அவ்வளவு செறிவான வாதத்திற்கு எதிரே நின்ற மனிதனின் முகம் தோற்றுப்போயிற்று. ஊகத்தை அடுக்கிச் செல்லும் திறமைக்குத் தனியே அறம் கிடையாது. அது பொற்கொல்லனிடமும் இருக்கும், பெல்லிடமும் இருக்கும்.

போயர் போரிலும் டாயிலிடம் இவ்விரு முகங்களைக் காண்கின்றோம். 1900இல் தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபாண்டீன் நகர மருத்துவமனையில் தொண்டு செய்தபோது, குடற்காய்ச்சலால் வீரர்கள் சாவதைக் கட்டிலருகே நின்று கண்டார். தடுப்பூசியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாதிட்டார். அது சரியான வாதம். அவர் நாடு திரும்பிய பின் போயர் குடும்பங்களை அடைத்துவைத்த முகாம்களில் பெண்களும் குழந்தைகளும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். 1902இல் தம் அரசுக்காக அவர் எழுதிய சிறு நூலில் அம்முகாம்களுக்கும் நியாயம் சொன்னார். அக்கட்டில்களின் அருகே அவர் நிற்கவில்லை. அவ்வாண்டே அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

எடல்ஜிக்கு 1907 மே மாதத்தில் மன்னிப்பு வழங்கப்பட்டது. கால்நடைகளை அவர் வெட்டவில்லை, ஆனால் கடிதங்களை அவரே எழுதித் தம் தலைமேல் துன்பத்தை இழுத்துக்கொண்டார் என்று விசாரணைக் குழு சொல்லிவைத்தது. அவ்வாண்டுச் செப்டம்பரில் டாயில் மறுமணம் செய்துகொண்டபோது எடல்ஜியும் விருந்தினராக வந்திருந்தார். அவர் வந்ததே தமக்குப் பெருமை என்று டாயில் பின்னாளில் எழுதினார். நவம்பரில் வழக்கறிஞர் பட்டியலில் எடல்ஜியின் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. இலண்டனில் அமைதியாகத் தொழில் நடத்தி, தங்கையுடன் வாழ்ந்து, 1953இல் காலமானார். சிறையில் கழிந்த மூன்றாண்டுகளுக்கு ஈடாக அரசு ஒரு காசும் கொடுக்கவில்லை.